பழைய மாஸிக்கு பவர் ஸ்டீயரிங்: பம்ப் வாங்கும் முன்

சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்தால் டிராக்டர்கள் காட்டுக்குள் இறங்கிவிடும். ஈரம் சரியாக இருக்கும் நாட்கள் குறைவு. அதற்குள் உழுதாக வேண்டும். அந்த மண் முன்சக்கரங்களில் அப்பி அப்பி டயரைப் பருக்க வைக்கும். வரப்போரம் வந்து வண்டியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஓட்டுபவர் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, உடம்பின் கனத்தைப் போட்டு ஸ்டீயரிங்கை இழுக்கிறார். அதே வண்டி மறுநாள் தண்ணீர் டேங்கரை மாட்டிக்கொண்டு சிவகாசித் தெருக்களுக்குள் வரும். நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்ப வேண்டிய சந்துகள் அவை. சாயங்காலம் தோளும் மணிக்கட்டும் என்ன பாடு படும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

புது டிராக்டர் வாங்கினால் தீர்ந்தது என்று சொல்வது எளிது. ஆனால் கடன் அடைந்து, எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்துப் பூட்டக்கூடிய, உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும் ஒரு மாஸி ஃபெர்குசனை விற்க யாருக்கும் மனம் வராது. சென்னையின் அமால்கமேஷன்ஸ் குழுமம் மாஸி ஃபெர்குசனோடு கைகோத்து 1960-ல் டாஃபே நிறுவனத்தைத் தொடங்கியது. அதே குழுமத்தின் சிம்சன் ஆலையில் இந்த வண்டிகளுக்கான டீசல் எஞ்சின்கள் தயாராயின. மதுரைக்குப் பக்கத்திலும் டாஃபேக்கு டிராக்டர் ஆலை உண்டு. ஆகவே தென்மாவட்டங்களில் பழைய டிராக்டர் என்றால் பெரும்பாலும் மாஸிதான். அதற்கு அடுத்தபடியாக ஃபோர்டு, மகிந்திரா, எச்.எம்.டி. செட்டர், ஐஷர். இவற்றில் பல வண்டிகள் சாதாரண ஸ்டீயரிங்கோடு வந்தவை. இவற்றுக்குப் பவர் ஸ்டீயரிங் பொருத்த முடியுமா? முடியும். நன்றாகவும் வேலை செய்யும். ஆனால் பம்ப் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் போட்ட பவர் ஸ்டீயரிங் ஆபத்தானது என்றே சொல்வேன்.

முதலில் ஜாக்கி

"அண்ணாச்சி, ஸ்டீயரிங் ரொம்பக் கட்டியா இருக்கு, பவர் போட்டுருவோமா?" என்று கேட்டு வரும் வண்டிகளை முன் ஆக்சிலுக்கு நடுவே ஜாக்கி கொடுத்துத் தூக்குங்கள். இரண்டு முன்சக்கரமும் தரையை விட்டு எழும்பட்டும். இப்போது ஸ்டீயரிங்கைச் சுற்றிப் பாருங்கள். சக்கரம் காற்றில் இருக்கும்போதே கனமாகச் சுற்றினால், குறை பாரத்தில் இல்லை. கிங் பின் காய்ந்து இறுகியிருக்கும், அல்லது ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் எண்ணெய் வற்றிப் பல்லோ பேரிங்கோ தேய்ந்திருக்கும். அவற்றைச் சரிசெய்தாலே ஸ்டீயரிங் நன்றாக இளகிவிடும். சிலருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

கிரீஸ் அடிக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வண்டி தரையில் நிற்கும்போது நிப்பிளில் கிரீஸ் அடித்தால், பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் முகங்களுக்கிடையே அது போய்ச் சேராது. சக்கரம் தொங்கும் நிலையில் அடித்தால்தான் கிங் பின்னின் தாங்கு பேரிங்குக்குள் ஏறும். இதைச் செய்யாமல் பல வருடம் ஓடிய வண்டிகளே அதிகம்.

அடுத்து, தூக்கிய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின் புஷ் அல்லது சக்கர பேரிங் தேய்ந்திருக்கிறது. முன்னும் பின்னுமாக ஆட்டும்போது தட்டினால் ராடு முனைகளின் பந்து மூட்டுகள் போய்விட்டன. ஆக்சில் நடுவில் ஊசலாடுகிற சென்டர் பின்னையும் பாருங்கள். சாதாரண ஸ்டீயரிங் இந்தத் தேய்மானங்களையெல்லாம் கைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தட்டும், இழுக்கும், நடுங்கும். பவர் ஸ்டீயரிங் போட்டதும் அந்தச் சேதி நின்றுவிடும். அதோடு, கை கொடுத்ததைவிடப் பல மடங்கு விசையை அந்தத் தேய்ந்த மூட்டுகள் மீதே ஏற்றும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாமல் ஒரு நாள் ராடு முனை கழன்று போகும். அது சிவகாசி–சாத்தூர் சாலையில் டேங்கரோடு போகும்போது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன் ஆக்சிலை முழுதாகச் சீர் செய்யப் பணம் இல்லை என்றால் பவர் ஸ்டீயரிங்கைத் தள்ளிப்போடுங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

எண்ணெய் எப்படிச் சக்கரத்தைத் திருப்புகிறது

1926-ல் அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் தன் பியர்ஸ்-ஆரோ காரில் பவர் ஸ்டீயரிங் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்த கார்களில் அது இடம்பெற 1951 வரை, கிரைஸ்லர் இம்பீரியல் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. டிராக்டருக்கான பெரிய திருப்பம் மின்னசோட்டாவைச் சேர்ந்த லின் சார்ல்சனிடமிருந்து வந்தது. அவருடைய சார்-லின் நிறுவனம் 1950-களில் பழைய டிராக்டர்களில் பொருத்துவதற்கென்றே பவர் ஸ்டீயரிங் செட்டுகளை விற்றது. அவர் வடிவமைத்த சுழல் அமைப்பிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நம் பட்டறைகளில் ஆர்பிட்ரால் என்று வழங்கும் பாகம். சார்-லின் பின்னர் ஈட்டன் கைக்குப் போனது. ஈட்டனின் ஹைட்ராலிக் பிரிவை 2021-ல் டான்ஃபாஸ் வாங்கியது. ஆகவே பழைய டிராக்டருக்குப் புதிதாகப் பவர் போடுவது எழுபது வருடமாக நடந்துவரும் வேலை.

ஆர்பிட்ராலைப் பிரித்தால் உள்ளே ஏழு குழிவுள்ள ஒரு வளையமும், அதற்குள் ஆறு பல் கொண்ட ஒரு சக்கரமும் இருக்கும். ஸ்டீயரிங்கைச் சுற்றும்போது முதலில் ஒரு வால்வு திறக்கிறது. பம்பிலிருந்து வரும் எண்ணெய் அந்த ஆறு பல் சக்கரத்தின் வழியாக அளந்து விடப்பட்டு, முன் ஆக்சிலில் உள்ள சிலிண்டரின் ஒரு பக்கம் போகிறது. மறுபக்கத்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிறது. கையை நிறுத்தினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும், சக்கரமும் அங்கேயே நிற்கும். ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பு கிடையாது, எண்ணெய்க் குழாய் மட்டும்தான்.

இதனால் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. விருதுநகர், இராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி நிலம் திருத்துபவர்களுக்குத் தெரியும், மண்ணுக்குள் மறைந்த வேர்க்கட்டையில் முன்சக்கரம் மோதினால் ஸ்டீயரிங் திடீரென உதறிச் சுழன்று பெருவிரலைப் பதம் பார்க்கும். ஆர்பிட்ரால் உள்ள வண்டியில் அந்த அடியை எண்ணெய் வாங்கிக்கொள்ளும், கைவரை வராது. நஷ்டமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. கருவேல முள் குத்தி முன் டயரில் காற்று இறங்கினால், சாதாரண ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுத்துக் காட்டிக்கொடுக்கும். பவர் ஸ்டீயரிங்கில் டயர் தரையோடு தரையாகும்வரை தெரியாமல் போகலாம். காலையில் வண்டியை எடுக்கும்போது டயரைக் கண்ணால் பார்த்துவிட்டு ஏறும் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

மாஸியின் தனிச் சிக்கல்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "லிஃப்டுக்கு ஏற்கெனவே ஹைட்ராலிக் பம்ப் இருக்கிறதே, அதிலிருந்து ஒரு குழாய் இழுத்தால் போதாதா" என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். பழைய ஃபெர்குசன் வழி வந்த வண்டிகளில் அது நடக்காது. ஹாரி ஃபெர்குசனின் அமைப்பில் பம்பின் எண்ணெயை உறிஞ்சும் பக்கத்தில் கட்டுப்படுத்துகிறார்கள். லிஃப்ட் சும்மா இருக்கும்போது பம்ப் எண்ணெயை வெளியே தள்ளுவதே இல்லை. ஸ்டீயரிங்குக்கோ எண்ணெய் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மேலும் அந்தப் பம்ப் பி.டி.ஓ. இயக்கத்தோடு சேர்ந்தது. பி.டி.ஓ. விலகினாலோ, கிளட்ச்சை முழுதாக மிதித்தாலோ பம்ப் நின்றுவிடும், ஸ்டீயரிங்கும் சேர்ந்து போய்விடும். கியர் பெட்டிக்குள் இரும்புத் தூள் கலந்து சுற்றும் எண்ணெயை ஆர்பிட்ராலுக்கு அனுப்புவதும் நல்லதல்ல. தனிப் பம்ப், தனித் தொட்டி, தனி ஃபில்டர் என்றுதான் போக வேண்டும். வேறு கம்பெனி வண்டிகளில் எஞ்சினோடு இணைந்த லிஃப்ட் பம்ப் இருக்கலாம். அதிலிருந்து எடுப்பதானாலும், ஸ்டீயரிங்குக்கு முதலில் கொடுத்துவிட்டு மிச்சத்தை லிஃப்டுக்கு அனுப்பும் முன்னுரிமை வால்வு இல்லாமல் எடுக்கக் கூடாது.

இரண்டாவது சிக்கல் இன்னும் முக்கியமானது. மாஸி 35-ன் வழி வந்த பழைய அமைப்பில் ஸ்டீயரிங் பாக்ஸின் இருபுறமும் ஒவ்வொரு டிராப் ஆர்ம் தொங்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீண்ட ராடு தன் பக்கத்துச் சக்கரத்துக்குப் போகும். இரண்டு சக்கரத்தையும் ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்கு ராடு கிடையாது. இரண்டையும் ஒத்துத் திருப்புவது பாக்ஸுக்குள் இருக்கும் பற்கள்தான். அந்தப் பாக்ஸைக் கழற்றி ஆர்பிட்ரால் வைத்து, ஒரு சக்கரத்தில் சிலிண்டரை மாட்டினால் மற்றச் சக்கரம் யார் சொல்லும் கேட்காமல் தன் போக்கில் திரும்பும். ஆகவே குறுக்கே ஒரு டை ராடு கட்டாயம் புதிதாகப் போட வேண்டும். அதன் நீளத்தைச் சரிசெய்யத் திருகு முனை வேண்டும். ஃபெர்குசன் ஆக்சிலைப் பின்னோக்கிச் சாய்த்து அமைத்ததே, அகலத்தைக் கூட்டிக் குறைக்கும்போது ராடுகளைத் தொடாமல் இருப்பதற்காக. பருத்திச் சால் இடைவெளிக்கு ஏற்ப முன் அகலத்தை மாற்றுபவர்களுக்கு அது பெரிய வசதி. டை ராடு போட்ட பிறகு அந்த வசதி போய்விடும், அகலத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் டை ராடையும் மாற்றி, சக்கரங்கள் முன்பக்கம் சில மில்லிமீட்டர் உள்நோக்கி இருக்கும்படி அளந்து வைக்க வேண்டும்.

சிலிண்டரை எங்கே பொருத்துவது? ஆக்சில் மீதேதான். எஞ்சின் உடம்பில் ஒரு முனையும் சக்கரத்தில் மறுமுனையுமாகப் பொருத்தினால், பள்ளத்தில் ஆக்சில் ஊசலாடும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். சிலிண்டரின் இரண்டு முனையும் ஆக்சிலோடு சேர்ந்தே ஆடினால் இந்தத் தொல்லை இல்லை. சக்கரம் முழுதாகத் திரும்பி நிற்கும் இடத்தை ஆக்சிலில் உள்ள ஸ்டாப்பர் தீர்மானிக்க வேண்டும், சிலிண்டரின் கடைசி முனை அல்ல. இல்லையென்றால் சிலிண்டர் சீலும் முனையும் சீக்கிரம் போகும்.

என்னைக் கேட்டால், சிறந்த வழி இதே கம்பெனியின் பிற்கால மாடல் ஒன்றில் பவர் ஸ்டீயரிங்கோடு வந்த முன் ஆக்சிலை முழுதாகத் தேடிப் பிடிப்பதுதான். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடங்களில் கிடைக்கும். ஆலையில் கணக்குப் போட்டுச் செய்த ஆர்ம், ராடு, சிலிண்டர் எல்லாம் பொருந்தி வரும். கிடைக்காதவர்கள் பட்டறையில் பிராக்கெட் செய்துகொள்ளலாம். அச்சு இயந்திர உருளைகளைக் கடைந்து பழகிய லேத்துகள் சிவகாசியில் இருக்கின்றன. அளவு தவறாமல் செய்து தருவார்கள். ஆனால் ஸ்டீயரிங் ஆர்மையும் ஸ்டப் ஆக்சிலையும் வெல்டு வைத்து ஒட்ட மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவை அடித்துச் செய்து பதமேற்றிய இரும்பு. வெல்டின் சூடு பட்டால் பதம் போய், ஒட்டின ஓரத்தில் விரிசல் விழும். போல்ட்டு போடக்கூடிய பிராக்கெட்டாகவே இருக்கட்டும். அரிய பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதுவே நல்லது: மூலப் பாகங்கள் எதையும் வெட்டாமல், துளைக்காமல் போட்டால் வேண்டும்போது பழையபடி ஆக்கிவிடலாம்.

கொஞ்சம் கணக்கு

பம்ப், ஆர்பிட்ரால், சிலிண்டர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கையில் கிடைத்ததை மாட்டினால் ஒன்று நத்தை வேகத்தில் திரும்பும், அல்லது தொட்டாலே பாயும். கணக்கு கடினமில்லை.

உள்விட்டம் 50 மி.மீ., ராடு 25 மி.மீ., நகரும் தூரம் 200 மி.மீ. உள்ள, இருபுறமும் ராடு நீட்டிய சிலிண்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் அழுத்தும் பரப்பு ஏறக்குறைய 14.7 சதுர செ.மீ. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அது நகர 295 சி.சி. எண்ணெய் வேண்டும். ஒரு சுற்றுக்கு 100 சி.சி. தரும் ஆர்பிட்ரால் என்றால் சுமார் மூன்று சுற்றில் சக்கரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வந்துவிடும். பழைய வண்டி ஓட்டியவர் கைக்கு இது பழக்கமான அளவு.

100 பார் அழுத்தத்தில் இந்தச் சிலிண்டர் 1,500 கிலோ விசையோடு தள்ளும். ஏறக்குறைய 1,700 கிலோ எடையுள்ள 35 குதிரைத்திறன் வண்டிக்கு இது தாராளம். இதற்கு மேல் அழுத்தத்தை ஏற்ற வேண்டியதில்லை. ரிலீஃப் வால்வின் திருகை இறுக்கி அழுத்தம் கூட்டிக்கொண்டே போவது ராடையும் ஆர்மையும் வளைப்பதில்தான் முடியும்.

பம்ப் எவ்வளவு தர வேண்டும்? அவசரத்தில் நொடிக்கு ஒரு சுற்று சுற்றுவார்கள் என்று வைத்தால் நிமிடத்துக்கு 6 லிட்டர். இந்த 6 லிட்டர் எஞ்சின் மெதுவாக ஓடும்போதே வர வேண்டும், ஏனென்றால் சந்தில் திருப்புவது அந்த வேகத்தில்தான். பம்ப் எஞ்சினுக்குச் சமமாகச் சுற்றும், எஞ்சின் 750 சுற்றில் நிற்கிறது என்றால் 8 சி.சி. கியர் பம்ப் சரியாக 6 லிட்டர் தரும். கசிவுக்கும் இடம்விட்டு அதற்குச் சற்றுப் பெரிதாக எடுப்பது நல்லது. 1,500 சுற்றில் அதே பம்ப் 12 லிட்டர் தரும். அப்போது 100 பார் அழுத்தம் வந்தால் எஞ்சினிலிருந்து இரண்டரைக் குதிரைத்திறனுக்கு மேல் எடுக்கும். சக்கரம் கோடியில் முட்டி நிற்கும் சில நொடிகள் மட்டுமே அப்படி. நேராக ஓடும்போது செலவு சொற்பம்.

இன்னொன்று: பெரிய ஆர்பிட்ரால் போட்டால் சுற்று குறையும், ஆனால் எஞ்சின் அணைந்துபோனால் கையால் திருப்புவது அந்த அளவுக்குக் கனமாகும். எஞ்சின் இல்லாதபோது ஆர்பிட்ரால் கைப் பம்பாக வேலை செய்கிறது. 100 சி.சி. அளவில் பலம் கொண்டு இழுத்தால் சிலிண்டரில் முன்னே சொன்ன விசையில் நாலில் ஒரு பங்கு கிடைக்கும். வண்டியை ஓரங்கட்ட அது போதும். ஆகவே இந்த அளவு வண்டிக்கு 100 சி.சி.யைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து.

கார்களில் வரும் மின்மோட்டார் ஸ்டீயரிங்கைப் பழைய டிராக்டரின் கம்பத்தில் பொருத்துபவர்களும் உலகில் பல இடங்களில் உண்டு. எண்ணெய் வேலையே இல்லை, பாக்ஸும் ராடும் அப்படியே இருக்கும். ஆனால் நின்ற இடத்தில் திருப்பும்போது அது மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். பழைய டைனமோ தாங்காது, ஆல்டர்னேட்டர் மாற்ற வேண்டும். கரிசல் புழுதியிலும் சேற்றுழவிலும் கார் மின்பெட்டி எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

பூட்டும்போது

கியர் பம்புக்குச் சுற்றும் திசை உண்டு. வலம் சுற்ற வேண்டியதை இடம் சுற்றினால் ஷாஃப்ட் சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும். வாங்கும்போதே எஞ்சின் திசையைச் சொல்லி வாங்குங்கள். பெல்ட்டில் ஓட்டுவதானால் விசிறிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் போகும் பெல்ட்டிலேயே இதையும் ஏற்றாமல் தனிப் பெல்ட் கொடுங்கள். கிராங்க் பக்கத்தில் கியரிலேயே பம்ப் ஏற்ற இடமுள்ள எஞ்சின் என்றால் அதுவே மேல்.

ஆர்பிட்ராலில் நான்கு துவாரம்: பம்பு, தொட்டி, இடது, வலது. எந்த எழுத்து எதற்கு என்று அதன் மீதே பொறித்திருக்கும். இடது வலது மாறினால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். அதைச் சாலையில் அல்ல, ஜாக்கியில் நிற்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும். புழுதி ஒரு துளிகூட உள்ளே போகாதபடி குழாய் முனைகளைக் கடைசி நொடிவரை அடைத்தே வைத்திருங்கள். ஆர்பிட்ராலின் இடைவெளிகள் அவ்வளவு நுண்மையானவை. ஒரு மணல் துகள் போதும்.

எண்ணெய் ஊற்றியபின் முன்சக்கரங்களைத் தூக்கிய நிலையில், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிதானமாகச் சுற்றுங்கள். தொட்டியில் நுரை அடங்கும்வரை சுற்றி, குறைந்த எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருங்கள். காற்று மிச்சமிருந்தால் பம்ப் முனகும், ஸ்டீயரிங் பஞ்சுபோல இருக்கும்.

கசிவு தேடக் கையால் குழாயைத் தடவவே கூடாது. ஊசித்துளை வழியாக 100 பாரில் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னக் கீறல்போல இருந்தாலும் விரலையே இழக்கும் காயம் அது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓர் அட்டைத் துண்டைக் குழாயோரம் நகர்த்திப் பாருங்கள். எண்ணெய்க் கறை விழும் இடம் தெரிந்துவிடும். அட்டைக்குச் சிவகாசியில் பஞ்சமில்லை.

குழாய்களைச் சைலன்சர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சூட்டில் குழாய் வெடித்து எண்ணெய் அதன்மேல் பீச்சினால் தீ பிடிக்கும். முள்ளில் மாட்டி இழுபடாதபடி உறை போட்டுக் கட்டுங்கள். இந்த வட்டாரத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு: கிரைண்டிங், வெல்டிங் வேலை எதையும் பட்டாசு, தீப்பெட்டி ஆலை வளாகத்தின் உள்ளேயோ அருகிலோ செய்யக் கூடாது. வெடியுப்போ கந்தகமோ அலுமினியத் தூளோ மூட்டையாக ஏற்றிய டிரெய்லரின் இடுக்குகளில் தூள் தங்கியிருக்கும். பட்டறைக்கு வரும்போது டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிராக்டர் மட்டும் வரட்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. முன் ஆக்சிலையே மாற்றுபவர்கள் வேலைக்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது கேள்வி வராமல் இருக்கும்.

வண்டி வெளியே வந்த முதல் சில நாட்கள் ஸ்டீயரிங் கட்டை நேராக ஓடும்போதும் கோணலாக நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண்ணெய்த் தொடர்பு மட்டுமே இருப்பதால் அது கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஆனால் நேராகப் பிடித்திருக்கும்போதே வண்டி ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனால் சிலிண்டர் சீலோ ஆர்பிட்ராலோ உள்ளுக்குள் கசிகிறது. டேங்கரின் கனம் முன்பக்கத்தைத் தூக்கும்போது ஸ்டீயரிங் இன்னும் லேசாகும். அது பிடிமானம் குறைந்ததன் அடையாளம், முன்னால் எடைக்கட்டை போட வேண்டும். முதல் ஐம்பது மணி நேரத்தில் ஃபில்டரை மாற்றி, எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். டிரெய்லர் மாட்டுவதற்கு முன் காட்டிலேயே ஒரு சோதனை: வண்டி மெதுவாக நகரும்போது எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கனமாக இருந்தாலும் சக்கரம் திரும்ப வேண்டும். கட்டை சும்மா சுற்றி, சக்கரம் அசையவில்லை என்றால் அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.